மரியகுழந்தையும் பாங்க் பரீட்சையும்

யாராவது பேச்சுக்கு நடுவில் 'அதனால' என்று சொல்லிவிட்டால் மரியகுழந்தை கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். குடமோ முறமோ, வாய் வரைக்கும் கொண்டுபோன காப்பி டம்ளரோ, எதுவானாலும் சரி. வைத்துவிட்டு, சொன்னவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் காலருகே தரையைப் பார்த்தபடி நிற்பாள். பிறகு ஒரு கேள்வி வரும். சில சமயம் கேள்வி வராது, ஒரு மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் குடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். அப்படியென்றால் சொன்னது அவளுக்குச் சரியாகப் பட்டிருக்கிறது என்று பொருள்.

பக்கத்து வீட்டுக்காரியாக நான் இதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் கை நுழையும் அளவு இடைவெளி உண்டு. அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். நான் தையற்கடைக்காரருக்கு ரவிக்கை ஹூக் வைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். நாளெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். அதிகம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் பேசுவதும் படிப்பதும் எல்லாம் காதில் விழும்.

அவள் அப்பா இன்னாசி சுரங்கத்தில் மரவேலை பார்த்தவர். கீழே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. அம்மா லூயிசா. ஒரே பெண். பி.காம். முடித்த வருடம் பாங்க் கிளார்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தாள். அட்டை போய், முதல் சில பக்கங்களும் போயிருந்தன. அதில் கணக்கு இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, ரீசனிங் என்று ஒரு பகுதியும் இருந்தது. அந்தப் பகுதிதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

சத்தமாக இங்கிலீஷில் ஒரு தடவை படிப்பாள். பிறகு தமிழில் தனக்கே சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஜெயக்கா, இருக்கீங்களா?"

"எங்க போவப்போறேன்."

"இத கேளுங்க. ஒரு ஊர்ல போன வருசம் குடை நெறைய வித்துது. அதனால அந்த வருசம் அங்க மழை நெறைய பேஞ்சிருக்குது. இந்தப் பேச்சை எது ஒடைக்கும்? அஞ்சு பதில் குடுத்துகிறாங்க."

"மழையா? இங்க எங்க பேயுது மழை?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஐயோ அக்கா, இது நம்ம ஊரு இல்ல. பேர் இல்லாத ஊரு."

"பேர் இல்லாத ஊர்ல குடைய எவன் எண்ணினான்?"

"அத கேக்கக் கூடாது. குடை வித்தது நெசம்னு ஒத்துக்கணும். அதுலேர்ந்து மழைக்குப் போறாங்க பாருங்க, அந்த நடுவுலதான் ஒண்ணு சொல்லாம உட்டுட்டாங்க. மழை பேஞ்சாதான் குடை வாங்குவாங்கன்னு அவங்களே நெனச்சிகினாங்க. குடை வெல பாதியா கொறைஞ்சிருந்தா? வெயில்லயே வாங்குவாங்க இல்ல?"

"வாங்குவாங்க."

"அவ்ளோதான். அந்தப் பதில்தான்."

நான் ஊசியில் நூல் கோத்தபடி யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எனக்கும் பொழுது போயிற்று. அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பாள். நான் எப்போதும் எனக்குத் தெரிந்த விஷயத்தை எங்கிருந்தாவது கொண்டுவந்து தப்பாகவே சொல்வேன். அவளும் சலிக்காமல் "வெளியேர்ந்து எதுவும் கொண்டாரக் கூடாதுக்கா" என்பாள்.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அது அவள் பேச்சுக்குள் வந்துவிட்டது. குழாயடியில் ஒரு நாள் சரோஜம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். கங்கம்மாவுக்கு வேண்டிகினேன். மறுநாளே உட்டுப்போச்சு. அதனால வர்ற வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கணும்."

மரியகுழந்தை நிரம்பாத குடத்தைக் குழாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். தண்ணீர் தரையில் கொட்டியது. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

"மாத்திரையும் குடுத்தீங்க இல்ல, சரோஜம்மா?"

"குடுத்தேன். அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"ஏண்டி, நீ ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறியே, அங்கயும் ஃபாதர இப்டித்தான் கேப்பியா?"

"அங்க யாரும் அதனாலன்னு சொல்றதில்ல. ஆமென்னுதான் சொல்றாங்க."

குழாயடி முழுக்கச் சிரித்தது. சரோஜம்மாவும் சிரித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை வைத்த பொங்கலை லைனில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தவள் லூயிசா வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தனுப்பினாள்.

இன்னாசிக்கு மகளைப் பற்றிப் பெருமை. ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் கால் கழுவும்போது எதிர் வீட்டாரிடம் சொல்வார்: "நான் கீழ முட்டு குடுக்கறவன். என் பொண்ணு மேல உக்காந்து முட்டு புடுங்கறவ." சொல்லிவிட்டு இருமுவார். இருமல் நிற்க நேரமாகும்.

பெண் பார்க்க ஒரு தடவை ஊரிகத்திலிருந்து வந்தார்கள். லூயிசா முந்தின நாளே மகளிடம் கெஞ்சினாள். "கொழந்த, நாளைக்கு மட்டும் வாய தெறக்காதடி. தட்ட எடுத்துகினு வா, குடு, உள்ள போ." மரியகுழந்தை வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள், "எங்க பையன் குடிக்கிறதில்ல, பீடி இல்ல. அதனால கட்டிகினு வர்றவள கண்ணுல வெச்சி காப்பாத்துவான்." காப்பித் தட்டு பாதிப் பேருக்குப் போயிருந்தது. மரியகுழந்தை தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சப் பேருக்குக் காப்பியை யார் கொடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் லூயிசா எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. லூயிசா இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்: "இன்னாத்துக்கு தட்ட வெச்ச?"

"தெரியலக்கா. கை தானா வெச்சிடுது."

பரீட்சைகள் வருடத்துக்கு ஒன்றாகவும் சில வருடம் அதற்கு மேலும் வந்தன. எல்லாம் பெங்களூரில். சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதும்போது எழுந்து, குளித்து, கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்தால் ரயிலுக்குச் சரியாக இருக்கும். இன்னாசி கூடப் போவார். மாலையில் திரும்பி வந்ததும் வினாத்தாளை நினைவிலிருந்து சொல்வாள். ரீசனிங்கில் எப்போதும் நன்றாக எழுதியிருப்பாள். கணக்கில் நேரம் போதாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் இங்கிலீஷில். ஒரு தடவை இரண்டும் சரியாக அமைந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். லூயிசா அவளுக்குப் புதுச் சேலை வாங்கினாள். ரவிக்கைக்கு நான் ஹூக் வைத்தேன்.

திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள்.

"மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேருக்கா. நடுவுல இருந்தவர் கேட்டார், உங்க ஊர்ல எல்லாரும் யூனியன் ஆளுங்க, அதனால நீங்களும் பாங்க்ல கொடி புடிப்பீங்களான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"கையில ஒண்ணும் இல்லக்கா, கீழ வைக்க. ஹேண்ட்பேக்க கூட வெளியவே வெக்க சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல எல்லாரும் யூனியன்லயும் இல்ல சார், யூனியன்ல கீறவங்க எல்லாரும் கொடி புடிக்கறதும் இல்லன்னேன். ரெண்டு எடத்துல ஓட்டை இருந்துதுக்கா, ரெண்டையும் சொல்லிட்டேன்."

"அவர் இன்னா சொன்னார்?"

"சிரிச்சார். நல்லாத்தான் சிரிச்சார்."

வேலை வரவில்லை. சரோஜம்மா, "வாய் பேசினதனாலதான் போச்சு" என்றாள். மரியகுழந்தை துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்து, "அப்டி சொல்ல முடியாது. எத்தினி பேர் வந்தாங்க, எத்தினி எடம் இருந்துதுன்னு நமக்குத் தெரியாதே" என்றாள். தன் விஷயத்திலும் அவளுக்கு ஒரே அளவுதான். அதைப் பார்த்து எனக்கு அன்று பாவமாக இருந்தது. மனசைத் தேற்றிக்கொள்ள ஆளுக்கொரு காரணம் வேண்டியிருக்கிறது. அவளுக்கு அதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு பாங்குகளில் ஆள் எடுப்பதே குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் வருகிறது, இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். விளம்பரம் எப்போதாவது ஒன்று வரும். அவள் லைன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். மற்ற நேரம் அந்த அட்டை போன புத்தகம். எல்லாக் கேள்விக்கும் பதில் மனப்பாடம் ஆகிவிட்டதால், பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு, சரியான பதிலை விட்டுவிட்டு மற்ற நான்கும் ஏன் தப்பு என்று சொல்லிப் பார்ப்பாள். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. சில நாள் நடுவில் நிறுத்திவிடுவாள். படிக்கிறாளா தூங்கிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தது அந்தக் காலத்தில்தான். மூடுவதாகச் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு மாலை இன்னாசி சாப்பிட்டுக்கொண்டே பேசிய பேச்சு சுவரைத் தாண்டி வந்தது. என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் நைனா காலத்துல மூடறேன்னான். மூடுனானா? எனக்குக் கல்யாணமான வருசம் மூடறேன்னான். ஷாஃப்ட் வாசல்ல போய் உக்காந்தோம், உட்டுட்டான். நீ ஸ்கூல் போவ சொல்லோ மறுபடியும் சொன்னான். எப்பவும் சொல்றதுதான். அதனால இந்தத் தடவையும் ஒண்ணும் ஆவாது."

டக்கென்று ஒரு பாத்திரம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "வெச்சிட்டா" என்றார் மெதுவாக.

"நைனா, அப்பல்லாம் ஏன் மூடல?"

"மூடல. அவ்ளோதான்."

"ஏதாவது காரணம் இருந்துருக்கும் இல்ல? அந்தக் காரணம் இப்பவும் இருக்குதா?"

"இன்னா காரணம்? நாங்க கேட்டோம், குடுத்தாங்க."

"அப்ப ஆளுங்க நெறைய இருந்தீங்க. இப்ப பாதி கூட இல்ல. மூணு தடவ நடக்கலன்றது நாலாவது தடவைக்கு சாட்சி ஆவாது நைனா. நடுவுல எல்லாம் மாறிப்போச்சு."

பிறகு இன்னாசியின் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை.

"பொஸ்தகத்துல படிச்சதயெல்லாம் எங்கிட்ட கொண்டாந்து ஒடைக்கிறியேம்மா. இத ஒடைச்சிட்டா நான் எத புடிச்சிகினு நாளைக்கு கேஜ்ல எறங்கறது?"

தட்டில் பாதி சோறோடு எழுந்துவிட்டார். லூயிசா திட்டுவது கேட்டது. மறுநாள் காலை குழாயடியில் மரியகுழந்தையின் கண் வீங்கியிருந்தது. "ஒடைச்சது சரிதான்க்கா," என்றாள், "ஆனா அந்த எடத்துல வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னபடியே ஆயிற்று. 2001-ஆம் வருடம் மாசி மாதத்தில் சுரங்கத்தை மூடினார்கள். ஊர்வலம் போனது, கோஷம் போட்டார்கள், பெண்களும் போனோம். இன்னாசி இரண்டு நாள் போனார். பிறகு வீட்டோடு இருந்துவிட்டார். சங்கு ஊதினதும் பழக்கத்தில் எழுந்து பல் விளக்கிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். பூட்ஸ் வாசலிலேயே இருந்தது. லூயிசா அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

ஆமாம், சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. ஆட்களைக் கீழே கொண்டுபோகிற கேஜ் இறங்கவில்லை, ஷிஃப்ட் இல்லை, ஆனால் காலையிலும் மதியமும் இரவிலும் வழக்கம்போல் ஊதியது. கீழே தண்ணீர் இறைக்கிற ஆட்களுக்காக ஊதுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை என்று சிலர். யாரும் போய்க் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் அடுப்பு மூட்டினோம், பிள்ளைகளை எழுப்பினோம். எங்கள் லைனில் பல வீட்டில் கடிகாரமே கிடையாது. இருந்த வீட்டிலும் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பி வைப்பார்கள்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பரீட்சை வந்தது. வெகுநாள் கழித்து வந்த விளம்பரம். மரியகுழந்தையின் வயதுக்கு அதுதான் கடைசி. அடுத்து எப்போது வந்தாலும் அவள் எழுத முடியாது. அப்பாவுக்கு வேலை போன வீட்டில் அது எப்படிப்பட்ட பரீட்சை என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவரை எந்தப் பரீட்சைக்கும் வேண்டிக்கொள்ளாத லூயிசா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். மரியகுழந்தை அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கில் அவள் கை வேகமாகியிருந்தது. சரோஜம்மா மகனை நேரம் பார்க்கச் சொல்லி எழுதிப் பார்த்திருந்தாள். இந்தத் தடவை வந்துவிடும் என்று அவளே சொன்னாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இருமலோடு இன்னாசியால் அவளோடு போக முடியாது என்பதால் என்னை வரச் சொன்னார்கள். பெங்களூருக்கு நான் இரண்டு தடவைதான் போயிருந்தேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் லூயிசா சொல்வது கேட்டது.

"சரோஜம்மா ஊட்டு அலாரம் டைம்பீஸ வாங்கினு வரட்டா?"

"இன்னாத்துக்கு? சங்குதான் ஊதுதே."

"கம்பெனிய மூடிட்டாங்களேடி. ஊதாம போயிட்டா?"

"மூடின மறுநாளும் ஊதிச்சு, அதுக்கு மறுநாளும் ஊதிச்சு. இன்னிக்கும் ஊதிச்சு. மூடினதுக்கும் சங்குக்கும் சம்பந்தமில்லம்மா. அது வேற. அதனால நீ நிம்மதியா தூங்கு."

லூயிசா விட்டுவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சரிதானே என்று நினைத்துக்கொண்டு, மறுநாளுக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதவில்லை.

என் முகத்தில் வெயில் பட்டுத்தான் விழித்தேன். தகரத்தில் ஆணி போன ஓட்டை வழியாக அந்த வெளிச்சம் விழும். அது விழுகிற நேரத்துக்கு வழக்கமாக நான் சோறு வடித்திருப்பேன். லைனில் எந்த வீட்டிலும் புகை இல்லை. குழாயடியில் ஆள் இல்லை. எழுந்து உட்கார்ந்து இன்னும் புரியாமல் இருந்தபோது அந்தப் பக்கம் லூயிசாவின் அலறல் கேட்டது.

குளிக்கவில்லை. மரியகுழந்தை முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடினாள். நான் தலையைக்கூடப் பின்னாமல் பின்னால் ஓடினேன். ஸ்டேஷனில் நாய் ஒன்றுதான் இருந்தது. ரயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அங்கிருந்து ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். அது கோலார் வழியாகப் போகிற பஸ். கோலாரில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். மரியகுழந்தை அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த பையைப் பிடித்த பிடி விடவில்லை.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் கேட் கம்பிக் கேட். பூட்டியிருந்தது. உள்ளே ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடுவயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

"உள்ள விடற நேரம் முடிஞ்சுதும்மா. உள்ள பேப்பர் குடுத்து ரொம்ப நேரம் ஆய்த்து."

"சார், மிச்ச நேரம் போதும் சார். நான் எழுதிடுவேன்."

"ஏன் லேட்?"

"சங்கு ஊதல சார்."

"சங்கா? யார் ஊதல?"

மரியகுழந்தை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"நாங்க கோல்டு ஃபீல்ட்ஸ் சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பேப்பரில் படித்திருப்பார் போல. முகம் கொஞ்சம் இளகியது. "எனக்குப் புரியுதும்மா. ஆனா ரூல் அப்டி. ஒருத்தர விட்டா நாளைக்கு எல்லாரும் லேட்டா வருவாங்க. அதனால விட முடியாது."

அவள் பையைக் கீழே, ரோட்டோர மண்ணில் வைத்தாள்.

"சார், நீங்க என்ன உட்டது மத்தவங்களுக்குத் தெரிஞ்சாதான அவங்க லேட்டா வருவாங்க? இங்க யாருமே இல்லயே சார். எங்களத் தவிர."

அவர் கம்பி வழியாக ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ரோடு. மூடின கடைகள். ஒரு ஆட்டோகூட இல்லை.

"கரெக்ட்," என்றார். "நீங்க சொல்றது கரெக்ட்மா."

"அப்ப?"

"ஆனா ஆகல்லம்மா."

அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஆகாது என்றால் ஆகாது. அதில் காரணம் ஒன்றும் இல்லை, உடைப்பதற்கு. மரியகுழந்தை இன்னும் கொஞ்ச நேரம் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அவளும் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். மண் ஒட்டியிருந்தது. அவள் தட்டவில்லை. நான் தட்டிவிட்டேன்.

சாயங்கால ரயிலில் இடம் கிடைத்தது. பங்காருபேட்டை தாண்டினதும்தான் பேசினாள்.

"நைனாகிட்ட நான் இன்னா சொன்னேன்க்கா? மூணு தடவ நடக்கலன்றது நாலாவது தடவைக்கு சாட்சி இல்லன்னேன் இல்ல?"

"அத ஏன் இப்ப நெனைக்கற."

"சங்குக்கு நான் அதேதான் சொன்னேன். நேத்து ஊதிச்சு, முந்தாநேத்து ஊதிச்சுன்னு. எங்கம்மா சரியா கேட்டாங்க. நான்தான் அத ஒரு பேச்சா எடுத்துக்கல. சங்கு எனக்கு ஒரு விசயமாவே தோணலக்கா. பொழுது விடியறா மாதிரி நெனச்சிட்டேன்."

"லைன் மொத்தமும்தான் தூங்கிச்சி. எல்லாருமே அப்டித்தான நெனச்சோம்?"

"எல்லாரும் பரீட்சைக்குப் போறேன்னு சொல்லலயே," என்றாள். கோரமண்டலில் ரயில் நின்றது. இறங்கினவர்கள் பாதிப் பேர் சங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னாசி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். லூயிசா மகளைப் பார்த்ததும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் என் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். எனக்கு ஏனோ போகத் தோன்றவில்லை.

இன்னாசி தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"நான் முழிச்சிகினுதான் இருந்தேம்மா."

மரியகுழந்தை நின்றாள்.

"எனக்கு இப்பல்லாம் தூக்கம் எங்க வருது? இருட்டா இருக்க சொல்லவே முழிச்சிட்டேன். உன்ன எழுப்பணும்னு நெனப்பு இருந்துச்சி. சங்கு ஊதட்டும், எழுப்பலாம்னு படுத்துகினு இருந்தேன். வெளுத்துகினே வந்துச்சி. இன்னும் ஊதலயே, நேரம் ஆவலபோலன்னு அப்டியே படுத்துகினு இருந்தேன்."

அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"உடு நைனா," என்றாள்.

"இத்தினி வருசம் கீழ போனவன். வெளிச்சத்தப் பாத்து நேரம் சொல்லத் தெரியலியே எனக்கு."

"உடு."

லூயிசா இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவதை என்னிடம் கொடுத்தாள். லைனில் நான்கைந்து வீடு தள்ளி யாரோ டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது.

இதெல்லாம் நடந்து எட்டு ஒன்பது மாதம் ஆகிறது. சங்கு பிறகு ஊதவில்லை. மரியகுழந்தை பெங்களூரில் ஒரு கூரியர் ஆபீஸில், கவர்களை ஏரியா வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலையில் இருக்கிறாள். தினமும் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் வருகிறாள். வந்ததும் படுத்துவிடுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதிகம் சத்தம் வருவதில்லை. பாங்க் பரீட்சைக்கு வயது தாண்டிவிட்டது. இன்னாசிக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. இருமலும் அதிகமாகியிருக்கிறது. வாரம் ஒரு நாள் லூயிசா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். கம்பெனி கட்டின இந்த வீடுகள் இனி எங்களுக்கு இருக்குமா இருக்காதா என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.